ரேடியம் பந்து: தானே ஒளிருமா, ஒளியைத் திருப்புமா?

ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு ஸ்டிக்கர் கடையில் போய் "அண்ணா, பந்துல ஒட்டுறதுக்கு ரேடியம் குடுங்க" என்று கேட்டால் மூன்றில் ஏதோ ஒன்று கைக்கு வரும். லாரியில் ஒட்டும் மஞ்சள் பட்டையாக இருக்கலாம், விளக்கை அணைத்தால் பச்சையாகத் தெரியும் தாளாக இருக்கலாம், பகலிலேயே கண்ணைப் பறிக்கும் நியான் நிற வினைலாக இருக்கலாம். மூன்றுக்கும் கடைப்பெயர் ரேடியம்தான். மூன்றில் ஒன்றிலும் ரேடியம் கிடையாது. பெயர் ஒன்றாக இருப்பதில் தவறில்லை. ஆனால் மூன்றும் வேலை செய்யும் விதம் வேறு வேறு என்பதால், இரவு ஆட்டத்துக்குப் பந்தைத் தயார்செய்பவர்கள் பெரும்பாலும் தங்கள் மைதானத்துக்குப் பொருந்தாததையே வாங்கி ஒட்டுகிறார்கள்.

முதலில் பெயர் வந்த கதை. 1898 டிசம்பரில் மேரி கியூரியும் பியர் கியூரியும் அறிவித்த தனிமம் ரேடியம். கதிர் என்று பொருள்படும் 'ரேடியஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர். அணு எண் 88. ரேடியம் உப்பைச் சிறிதளவு துத்தநாக சல்பைடுடன் கலந்து பூசினால், ரேடியத்தின் கதிர் பட்டுப் பட்டுச் சல்பைடு இரவெல்லாம் மங்கலாக ஒளிரும். முதல் உலகப் போர்க் காலத்தில் கடிகார முட்களிலும் விமானக் கருவிகளிலும் பூசியது இந்தக் கலவையைத்தான். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கி வேலைசெய்த இளம்பெண்களுக்குத் தாடை எலும்பு அரித்துப்போன கொடுமையும் இதனால்தான் நடந்தது. 1960களுக்குப் பிறகு கடிகாரங்களில் ரேடியம் வழக்கொழிந்தது. ரேடியம்-226இன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்துபோக ஆகும் காலம், 1600 ஆண்டுகள். பழைய கடிகாரங்கள் இன்று இருட்டில் தெரியாததற்குக் காரணம் ரேடியம் தீர்ந்துபோனதல்ல, கதிர் பட்டே சல்பைடு பழுதானதுதான். பொருள் போய்விட்டாலும் பெயர் போகவில்லை. இருட்டில் பளிச்சென்று தெரிவதெல்லாம் நம்மூர்ப் பேச்சில் ரேடியம் ஆகிவிட்டது.

இனி மூன்றையும் பிரித்துப் பார்க்கலாம்.

பச்சையாகத் தெரியும் தாளில் இருப்பது பெரும்பாலும் ஸ்ட்ரான்சியம் அலுமினேட். வெளிச்சத்தைக் குடித்து வைத்துக்கொண்டு, விளக்கு அணைந்த பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிடும். இதற்கு 'நின்றொளிர்தல்' என்ற சொல் கச்சிதம். வெளிச்சம் போனாலும் ஒளிர்வு நிற்கிறது. இப்படிப் பூசிய பந்தை வெயிலிலோ பிரகாசமான டார்ச்சிலோ சில நிமிடம் காட்டினால், முதல் பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாகத் தெரியும். பிறகு ஒளி சட்டென்று இறங்கிவிடும். இன்னொரு சிக்கல், தெருவிளக்கு எரியும் இடத்தில் இந்த ஒளிர்வு கண்ணுக்கே தெரியாது. மேற்பூச்சு இல்லாத ஸ்ட்ரான்சியம் அலுமினேட் தண்ணீர் பட்டால் சிதையவும் செய்யும். காசிமேட்டுப் பக்கம் ஈர மணலில் உருளும் பந்துக்கு இதை நம்ப முடியாது.

நியான் மஞ்சள், நியான் பச்சை வினைல் செய்வது 'உடனொளிர்தல்'. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவையும் நீல ஒளியையும் வாங்கி, அந்தக் கணமே மஞ்சள் பச்சையாக வெளிவிடும். பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் அதிகம் உணர்வது 555 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய இந்த நிறத்தைத்தான். டென்னிஸ் பந்து 1972இல் வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு வந்ததற்குத் தொலைக்காட்சியில் தெளிவாகத் தெரியவேண்டும் என்பது காரணம். விம்பிள்டன் மட்டும் 1986 வரை வெள்ளையை விடவில்லை. உடனொளிர்வுக்கு விளக்கில் நீல ஒளி இருந்தாக வேண்டும். பழைய மஞ்சள் சோடியம் விளக்கில் அது மிகக் குறைவு என்பதால் அங்கே நியான் பந்தும் வெறும் வெளிர்பந்தும் ஏறக்குறைய ஒன்றுதான். சிவப்புப் பந்தோ கறுத்துப்போகும். வெள்ளை எல்.இ.டி. விளக்கில் 450 நானோமீட்டர் அளவில் நீலம் தாராளமாக இருக்கிறது. தெருவிளக்குகள் எல்.இ.டி.க்கு மாறிய பிறகு நியான் பந்து இரவிலும் பலன் தருவது இதனால்தான்.

மூன்றாவதுதான் லாரிப் பட்டை. எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்தால் தெரியும்: முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. இது தானாக ஒளிராது, வெளிச்சத்தைச் சேர்த்தும் வைக்காது. வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். கண்ணாடி, ஒளியை எதிர்ப்பக்கம் தள்ளும். சுவர் எல்லாத் திசையிலும் சிதறடிக்கும். இது மட்டும் யார் விளக்கடித்தாரோ அவர் பக்கமே திரும்பும்.

அதைச் செய்யும் வழி இரண்டு. ஒன்று, கண்ணாடி மணி. மாவு போன்ற பொடி மணிகள் ஒளியை உள்ளே வளைத்துப் பின்புறத்தில் குவிக்கும். அங்கேயுள்ள அலுமினியப் பூச்சில் பட்டு அது அதே வழியில் வெளியேறும். காற்றில் திறந்திருக்கும் மணிக்கு, ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் 1.9 அளவில் இருந்தால்தான் குவிப்பு சரியாக அமையும். இரண்டாவது, மூலை. இரண்டு சுவரும் தரையும் சேரும் அறை மூலை போல, ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று பரப்புகள். எந்தக் கோணத்தில் உள்ளே போனாலும் மூன்று முறை பட்டு வந்த திசைக்கே திரும்பும். லாரிப் பட்டையில் தேன்கூடு போலத் தெரிவது இத்தகைய நுண்மூலைகளின் வரிசை. 1969இல் அப்போலோ 11 நிலவில் வைத்துவந்த பலகையில் இருப்பவையும் இந்த மூலைகள்தான், மொத்தம் 100. இன்றும் பூமியிலிருந்து லேசர் அடித்தால் திருப்பி அனுப்புகின்றன.

இதற்குத் தமிழ்ச் சொல் எது? 'பிரதிபலிப்பு' பொதுவான சொல். கண்ணாடிக்கும் பொருந்தும், கருத்துக்கும் பொருந்தும். பாடநூலின் 'எதிரொளிப்பு' துல்லியமானது, ஆனால் அதுவும் கண்ணாடி, சுவர் எல்லாவற்றுக்கும் பொது. 'ஒளிரும் பட்டை' என்று எழுதுவது பிழை. 'ஒளிர்' என்றால் தானே ஒளி விடுவது. ஆங்கிலத்தில் இதை 'ரெட்ரோரிஃப்ளெக்டிவ்' என்பார்கள். அதிலுள்ள 'ரெட்ரோ' என்ற இலத்தீன் முன்னொட்டுக்குப் பின்னோக்கி, திரும்பி என்று பொருள். ஆகவே 'மீளெதிரொளிப்பு' பொருந்தும். பொருளுக்கு 'மீளெதிரொளிப்புப் பட்டை'. நீளம்தான். 'மீளொளிப் பட்டை' என்று சுருக்கினாலும் கெடவில்லை, 'மீளொளிர்' என்று ஆக்காத வரை. நம் பக்கத்துப் பேச்சில் லகரமும் ளகரமும் ஒன்றாகிவிடுவதால் 'எதிரொளி' என்று வாயால் சொன்னால் கேட்பவர் காதில் 'எதிரொலி' என்றே விழும் என்பது தனிச் சங்கடம். 'மீள்' முன்னால் வந்தால் அந்தக் குழப்பம் கொஞ்சம் குறையும்.

இனி பந்து. மீளொளிப் பட்டை ஒட்டிய பந்து யார் கண்ணுக்குத் தெரியும்? விளக்கு எவர் கண்ணுக்கு அருகில் இருக்கிறதோ அவருக்கு மட்டும். பட்டைகளின் திறனை அளப்பதே விளக்குக்கும் கண்ணுக்கும் இடையே 0.2, 0.5 பாகை போன்ற சிறு கோணங்களில்தான். ஓரிரண்டு பாகை தாண்டினால் கண்ணுக்குத் திரும்பி வரும் வெளிச்சம் வெகுவாகக் குறைந்துவிடும். நெற்றியில் கட்டும் ஹெட்லைட் கண்ணுக்கு 6 சென்டிமீட்டர் மேலே இருந்தால், 20 மீட்டர் தள்ளியுள்ள பந்துக்குக் கோணம் 0.17 பாகை, பந்து பளீரென்று தெரியும். அதே பந்து 2 மீட்டருக்கு வந்தால் 1.7 பாகை ஆகிறது. நெருங்க நெருங்க, எதிர்பார்க்கும் அளவுக்கு மினுக்கம் கூடாது. போனை இடுப்பருகே பிடித்து டார்ச் அடித்தால் 10 மீட்டரிலேயே கோணம் 4 பாகை. பட்டை செத்ததுபோல் சாம்பலாகத் தெரியும். ஒட்டியது சரியில்லை என்று பலர் பிய்த்தெறிவது இந்தக் கட்டத்தில்தான். போனைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் இரவு கால்பந்து நடப்பது உயரக் கம்பத்து விளக்கில். ஒளி மேலிருந்து வந்து மேலேயே திரும்பிப் போகும். ஆடுபவர் கண்ணுக்கு ஒன்றும் வராது. சொல்லப்போனால் வெள்ளைப் பந்தில் சாம்பல் பட்டை ஒட்டி, இருந்த வெள்ளையையும் குறைத்ததுதான் மிச்சம். பைக் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஆடினால் வண்டிமேல் உட்கார்ந்திருப்பவருக்கு ஓரளவு தெரியலாம், ஓடுபவருக்குத் தெரியாது. ஆளாளுக்கு ஹெட்லைட் கட்டினாலும் அவரவர் விளக்கு அவரவருக்கு மட்டுமே உதவும். எதிரே வருபவர் கண் கூசுவதுதான் மீதி. இணையத்தில் விற்கும் வானவில் நிறக் கூடைப்பந்துகளும் இதே வகைதான். பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஜொலிக்கும், விளையாட்டரங்க விளக்கில் மங்கல் சாம்பல்.

அப்படியென்றால் பந்தில் மீளொளிப் பட்டை வேண்டாமா? ஆட்டத்துக்கு வேண்டாம். தேடுவதற்கு வேண்டும். நிறுத்தி வைத்த கன்டெய்னர் லாரிக்கு அடியிலோ, கால்வாய்க் கரைப் புதரிலோ போன பந்தை, கண்ணருகே டார்ச் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் உடனே பிடித்துவிடலாம். சாலைக்கு உருண்ட பந்து வண்டி ஓட்டுபவருக்கு முன்கூட்டியே தெரிவதும் பெரிய பயன். கார் ஹெட்லைட்டுக்கும் ஓட்டுநர் கண்ணுக்கும் 60 சென்டிமீட்டர் உயர வித்தியாசம் என்றால், 100 மீட்டரில் கோணம் 0.34 பாகைதான். பந்து தெரிந்தால், பின்னாலேயே ஒரு பையன் ஓடிவருவான் என்று பிரேக்கில் கால் போகும்.

ஒட்டும் முறை. 5ஆம் அளவுக் கால்பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர், பரப்பு ஏறக்குறைய 1500 சதுர சென்டிமீட்டர். 32 துண்டுப் பந்தில் ஐங்கோணங்கள் 12. ஒவ்வொன்றின் நடுவிலும் 3 சென்டிமீட்டர் வட்டம் ஒன்று போதும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஐந்தாறு வட்டங்கள் முகம் காட்டும். மூடிய பரப்பு ஆறு சதவீதத்தைத் தாண்டாது. நீளப் பட்டையைச் சுற்றக் கூடாது. தட்டைத் தாள் உருண்டைமேல் மடிப்பு விழாமல் படியாது, மடிப்பில் அழுக்கு ஏறும், அங்கிருந்தே உரியும். சதுரமாக வெட்டினாலும் மூலையில்தான் முதலில் கிளம்பும், அதனால்தான் வட்டம். தையல் கோட்டின் மேல் ஏறவே கூடாது. லாரிப் பட்டையின் மிச்சத்தைக் கேட்டு வாங்கி ஒட்டுவது வழக்கம், ஆனால் அந்த மூலை வகை விறைப்பானது. நாலு ஷாட்டில் வெடிப்பு விடும். வளையும் கண்ணாடி மணி வகையே பந்துக்குத் தோது.

முதலில் பந்தில் முழுக் காற்று அடித்துக்கொள்ள வேண்டும். காற்றில்லாமல் ஒட்டிப் பிறகு அடித்தால் தோல் விரிந்து ஓரம் தூக்கும். பரப்பை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்கலாம். தின்னரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் மேல்தோலைக் கரைத்துவிடும். நடுவிலிருந்து ஓரத்துக்குக் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்து, ஒரு நாள் உதைக்காமல் வைக்க வேண்டும். அழுத்தத்தால் பிடிக்கும் பசை முழுப் பிடிப்புக்கு வர அவ்வளவு நேரம் கேட்கும். கடற்காற்றில் உப்பு ஈரம் படிந்த பந்தைத் துடைக்காமல் ஒட்டினால் பசை தோலைத் தொடவே தொடாது. ஒட்டிய பின் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். மினுக்கம் செத்தால் அது மணிகள் வெளியே திறந்திருக்கும் ரகம், ஜாக்கெட்டில் வருவது. தண்ணீர் படர்ந்தால் குவிப்புக் கெட்டுவிடும், மழைநாளில் உதவாது.

கண்ணாடி மணிப் பொடி வாங்கிப் பெயின்ட்டில் கலக்கிப் பூசும் கைவைத்தியத்தைப் பந்தில் செய்ய வேண்டாம். மணி பாதிக்குச் சற்று மேல் பதிந்திருந்தால்தான் வேலைசெய்யும். முழுதும் மூழ்கினால் பயனில்லை, மேலோடு நின்றால் உதிரும். உதைபடும்போது நசுங்கி விரியும் பந்தில் அது நிச்சயம் உதிரும். தலையால் முட்டும் ஆட்டத்தில் கண்ணாடிப் பொடி கண்ணுக்கு அருகில் வரக் கூடாது.

டென்னிஸ் பந்தில் இந்த வட்டங்கள் சரியாக ஒட்டாது. மேலுறை ரோமத் துணி, பசை பிடிக்க இடமில்லை. எடை வரம்பும் 56.0 முதல் 59.4 கிராமுக்குள், கூட்ட இருப்பது 3.4 கிராம்தான். தெருக் கிரிக்கெட்டுக்கு எல்.இ.டி. விளக்கடியில் அழுக்கேறாத மஞ்சள் டென்னிஸ் பந்தே சரி. ரோமம் தேய்ந்து சாம்பலானால் மாற்றிவிட வேண்டும். லெதர் பந்தில் இரவுக்கென்று செய்தது முக்கியமாக நிறமாற்றம்தான். 2015 நவம்பரில் அடிலெய்டில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் பகலிரவு டெஸ்ட் ஆடியபோது வந்த இளஞ்சிவப்புப் பந்திலும் மீளொளிப்பு எதுவும் இல்லை. லீக் மேட்ச் பந்தில் பட்டை ஒட்டும் எண்ணமே வேண்டாம். பந்தின் நிலையை மாற்றுவதைக் கிரிக்கெட் விதி 41.3 தடுக்கிறது.