பின்னின் முதுகைத் திருப்பிப் பாருங்கள்

போன மாதம் ஒரு தம்பி கடைக்கு வந்தார். ஐ.டி. கம்பெனியில் வேலை. ஆறு வாரத்துக்கு ஆர்லாண்டோ போகிறார், போகிற இடத்தில் டிஸ்னி வேர்ல்டையும் பார்த்துவிட்டு வரத் திட்டம். பையிலிருந்து ஒரு ஜிப் கவரை எடுத்து மேஜைமேல் கவிழ்த்தார். கலகலவென்று ஐம்பது டிஸ்னி பின்கள் விழுந்தன, சட்டையில் குத்திக்கொள்கிற எனாமல் பின்கள்.

"அண்ணா, ஆன்லைன்ல மொத்தமா வாங்கினேன். ஒண்ணு ஐம்பது ரூபாகூட ஆகலை. இதை அங்கே பூங்கா ஊழியர்கள்கிட்ட கொடுத்துட்டு அபூர்வமான பின்னா பார்த்து மாத்திக்கலாம்னு சொல்றாங்க. இதுல நல்லது எதுன்னு பிரிச்சுக் கொடுங்க."

கைக்கு முதலில் வந்தது ஸ்டிட்ச் என்ற டிஸ்னி கார்ட்டூன் பொம்மை போட்ட பின். காதுக்குள் இருந்த இளஞ்சிவப்பு எனாமல் நடுவில் குழிந்து, கோட்டைத் தாண்டி நீலத்துக்குள் வழிந்திருந்தது. ஓரத்தில் விரலை ஓட்டினேன், பிசிறு தட்டியது. திருப்பினேன். முதுகில் மிக்கி தலைகள் வரிசையாகப் பதிந்திருந்தன, ஆனால் விளிம்பை எட்டும் முன்பே நின்றுவிட்டன. சுற்றிலும் வளையம்போல வெற்றுக் கரை. அடுத்ததை எடுத்தேன், அப்படியே. பத்துப் பின் பார்த்ததும் போதும் என்று தோன்றிவிட்டது. அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது.

நான் 22 வருஷமாக எனாமல் பேட்ஜ் செய்கிறேன். பள்ளிக்கூட லீடர் பேட்ஜ், சங்கங்களுக்கான கோட் பின், மாநாட்டு பேட்ஜ் எல்லாம் எங்கள் பட்டறையில் அடிக்கிறோம். இப்போது சேகரிப்பவர்களும் தேடி வருகிறார்கள். வாங்குவதற்கு முன்னால் வருகிறவர்கள் குறைவு, வாங்கி ஏமாந்த பிறகு வருகிறவர்களே அதிகம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு பின் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் பாதிப் போலியை நீங்களே பிடித்துவிடலாம். முதலில் படத்தை டை என்கிற இரும்பு அச்சில் வெட்டுவோம். பித்தளைத் தகட்டையோ இரும்புத் தகட்டையோ பிரஸ்ஸில் வைத்து அடித்தால் கோடுகள் மேடாகவும் நிறம் நிற்க வேண்டிய இடம் பள்ளமாகவும் வரும். விளிம்பை வெட்டி, முதுகில் ஊசியைப் பற்றவைத்து, பாலிஷ் போட்டு, முலாம் பூசி, பள்ளத்தில் நிறத்தை நிரப்பி அடுப்பில் காய வைத்தால் அது சாஃப்ட் எனாமல். விரலால் தடவினால் வரப்புபோலக் கோடுகள் தட்டுப்படும். ஹார்ட் எனாமல் என்றால் நிறத்தை வழிய நிரப்பி, காய்ந்த பிறகு கோடும் நிறமும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை தேய்த்து, அதற்கப்புறம்தான் முலாம். அது கண்ணாடிபோல வழுவழுவென்று இருக்கும். பழைய குளோய்சனே முறையில் கண்ணாடித் தூளையே 800 டிகிரி அளவுக்குச் சூடாக்கி உருக்குவார்கள். அந்தப் பளபளப்பு தனி ரகம்.

இதில் கவனிக்க வேண்டியது டை. டை கையில் இருந்தால் ஐந்நூறு அடித்த இடத்தில் ஐயாயிரமும் அடிக்கலாம். வாடிக்கையாளர் கேட்ட எண்ணிக்கை முடிந்ததும் டையை ஒப்படைக்க வேண்டும் அல்லது அழிக்க வேண்டும், தேறாத பின்களை உருக்கிவிட வேண்டும். தொழிலில் நாணயம் என்பது இதுதான். அது தவறுகிற இடத்தில்தான் சேகரிப்பாளர்கள் 'ஸ்கிராப்பர்' என்று சொல்கிற சரக்கு பிறக்கிறது. தரம் தேறாமல் ஒதுக்கிய பின்கள், ஆர்டருக்கு மேல் கள்ளத்தனமாக அடித்தவை, அசலைப் பார்த்து அச்செடுத்துச் செய்த நகல்கள் மூன்றுக்கும் அந்த ஒரே பெயர். மூன்றாவது ரகத்தைப் பிடிப்பது எளிது. பின்னிலிருந்தே அச்செடுத்தால் கோடுகள் மழுங்கும், அளவும் நூலளவு சுருங்கும். அசல் ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும்.

டிஸ்னி பூங்காக்களில் பின் மாற்றிக்கொள்ளும் பழக்கம் 1999 அக்டோபரில், புத்தாயிரம் கொண்டாட்டத்தை ஒட்டி ஆர்லாண்டோவில் தொடங்கியது. அங்கே ஊழியர்களைக் காஸ்ட் மெம்பர் என்பார்கள். அவர்கள் கழுத்துப்பட்டையில் பின்களைக் குத்தியிருப்பார்கள். நீங்கள் ஒரு டிஸ்னி பின்னைக் கொடுத்தால், அவர் பட்டையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒன்றுக்கு ஒன்று, கையோடு கை, பின்னாலுள்ள மூடி கழலாமல் கொடுக்க வேண்டும். பணப் பேச்சே கிடையாது. உலோகப் பின்னாக இருக்க வேண்டும், முதுகில் டிஸ்னியின் காப்புரிமைக் குறி இருக்க வேண்டும்.

தாராள மனசோடு செய்த ஏற்பாடு இது. அதே தாராளம்தான் ஓட்டையாகவும் ஆனது. கூட்டத்துக்கு நடுவே ஒவ்வொரு பின்னையும் ஊழியர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க முடியாது. போலியிலும் காப்புரிமைக் குறியை அச்சு அசலாக அடித்துவிடுகிறார்கள். அப்படியே பட்டைக்குப் பட்டை ஏறிவிடுகிறது. அடுத்து ஒரு குழந்தை வரும். அப்பா பத்து டாலருக்கு மேல் கொடுத்துப் பூங்காக் கடையில் வாங்கித் தந்த அசல் பின்னைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஆசையாக அந்தப் போலியை வாங்கிக்கொண்டு போகும். நான் அந்தத் தம்பியிடம் சொன்னது இதைத்தான். அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சரி, அசலை எப்படி அறிவது? ஒரே ஒரு அடையாளத்தை நம்பாதீர்கள். முதுகிலுள்ள மிக்கி தலைக் கோலம் விளிம்புவரை ஓட வேண்டும் என்பது நல்ல அறிகுறி, ஆனால் எல்லா அசல் பின்னிலும் அந்தக் கோலமே இருக்காது. ஊசிக்குப் பக்கத்தில் பின் சுழலாமலிருக்க ஒன்றிரண்டு சின்ன முளைகள் இருக்கும், சில அசல்களில் அதுவும் கிடையாது. மிக்கி வடிவ ரப்பர் மூடியைப் போலிக்காரனும் மொத்தமாக வாங்கிப் போடுகிறான். ஆகவே எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். நிறம் சரியா, குழி இருக்கிறதா, முலாம் சீராக இருக்கிறதா, ஓரம் வழுவழுப்பா, எழுத்துகள் கூர்மையாகப் பதிந்திருக்கின்றனவா, கையில் கனம் இருக்கிறதா. சேகரிப்பாளர்கள் திரட்டி வைத்த இணையப் பட்டியல்களில் பெரும்பாலான பின்களுக்குப் படமும் வெளியான விவரமும் கிடைக்கும். அதோடு ஒப்பிடுங்கள். மூன்று இடத்தில் இடித்தால் விட்டுவிடுங்கள்.

அபூர்வம் என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிஸ்னி பின்களில் கடையில் எப்போதும் கிடைக்கிற ஓபன் எடிஷன் உண்டு. எண்ணிக்கை வரையறுத்து வெளியிடும் லிமிடெட் எடிஷனும் உண்டு, இதன் முதுகில் மொத்தம் எத்தனை என்று பொறித்திருப்பார்கள். 'ஏ.பி.' என்று முத்திரையிட்ட ஆர்ட்டிஸ்ட் புரூஃப், அதாவது ஒப்புதலுக்காக அடிக்கும் மாதிரி, இன்னும் குறைவு. ஹாலிவுட்டில் எல் கேப்பிட்டன் தியேட்டரை ஒட்டிய டிஸ்னி கடையின் பின்களுக்கு எப்போதும் போட்டிதான், ஒரு வெளியீட்டுக்குச் சில நூறு மட்டுமே வரும். ரசிகர்கள் தாங்களே வரைந்து செய்யும் ஃபேன்டசி பின்களும் சந்தையில் சுற்றுகின்றன. அழகாக இருக்கும், ஆனால் டிஸ்னி வெளியிட்டவை கிடையாது. அதைச் சொல்லி விற்றால் ஏமாற்று இல்லை, சொல்லாமல் விற்கிறவரிடம் வாங்காதீர்கள்.

எண்ணிக்கை குறைவு என்பதாலேயே விலை ஏறிவிடாது. யாரும் தேடாத கதாபாத்திரத்தின் முந்நூறு எண்ணிக்கைப் பின் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். எல்லாரும் விரும்பும் படத்தின் இரண்டாயிரம் எண்ணிக்கைப் பின் வந்த வேகத்தில் காலியாகும். வயசும் அப்படித்தான். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்ததென்று ஒரு அம்மா 1980 மாஸ்கோ ஒலிம்பிக் பேட்ஜ் நாலைக் கொண்டு வந்தார். அந்த ஒலிம்பிக்கின் சின்னமான மீஷா கரடி போட்டது, லேசான அலுமினியம், முதுகில் இத்தனை கோபெக் (அந்த ஊர்ச் சில்லறைக் காசு) என்று விலையே பொறித்திருந்தது. சோவியத்தில் இந்த மாதிரி பேட்ஜ்களை லட்சலட்சமாக அடித்தார்கள். லட்சக்கணக்கில் விலை போகும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். விலை பெரிதாக இல்லை என்று சொன்னேன். ஆனால் சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் நம் ஹாக்கி அணி தங்கம் வென்ற ஒலிம்பிக் அது என்றதும் அவர் முகம் மலர்ந்தது. பேரனுக்குக் காட்ட வேண்டும் என்று பத்திரமாக எடுத்துப் போனார்.

ஒலிம்பிக் பின் உலகம் டிஸ்னியைவிட மூத்தது. 1896 ஏதென்ஸில் வீரர்களையும் நடுவர்களையும் அதிகாரிகளையும் அடையாளம் காண அட்டை வில்லைகளைக் கொடுத்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இது. 1980 லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்கில் பார்வையாளர்களும் மாற்றத் தொடங்கினார்கள், 1984 லாஸ் ஏஞ்சலிஸில் அது பெரும் அலையானது. 1988 கால்கரியில் கொக்கோ கோலா நிறுவனம் பின் மாற்றுவதற்கென்றே அதிகாரபூர்வ மையம் திறந்தது. செரீனா வில்லியம்ஸும் ஒலிம்பிக் பின் சேர்ப்பவர்தான். இங்கே அபூர்வம் வேறு மாதிரி வரும். ஒவ்வொரு நாட்டு அணியும் தன் வீரர்களிடம் கொஞ்சம் பின் கொடுத்தனுப்பும். நாலைந்து பேர் மட்டுமே வருகிற குட்டி நாட்டின் பின் வெளியே கசிவதே அரிது. விளம்பரதாரர் பின் மலைபோலக் கிடைக்கும். ஆகவே ஒலிம்பிக் பின் வாங்கும்போது முதல் கேள்வி, "இது யாரிடமிருந்து உங்களுக்கு வந்தது?" நேராகப் பதில் சொல்கிறவரிடம் பேச்சைத் தொடருங்கள்.

விலையைப் பற்றி ஒன்று. ஈபே இணையச் சந்தையில் ஒருவர் முந்நூறு டாலர் கேட்கிறார் என்பதால் அது முந்நூறு டாலர் பின் ஆகிவிடாது. விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி அங்கேயே இருக்கிறது. கடைசியாக ஐந்தாறு என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள். பேபாலில் பணம் அனுப்பும்போது "ஃபிரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலி என்று போடுங்கள், கமிஷன் மிச்சம்" என்று விற்பவர் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். அப்படி அனுப்பிய பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. தெரிந்தவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்ததாகத்தான் கணக்கு. வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரவழைத்தால் சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

தபாலில் மாற்றிக்கொள்வதுதான் அதிகம் அழ வைக்கிறது. என்னிடம் வருகிற ஒருவர் ஆறு வருஷமாகத் தேடிய பின்னுக்காகத் தன்னிடமிருந்த மூன்று நல்ல பின்களை முதலில் அனுப்பிவிட்டார். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. காட்டிய படமே வேறு யாரோ போட்டதிலிருந்து எடுத்தது என்று பிறகுதான் தெரிந்தது. பின்னுக்குப் பக்கத்தில் அன்றைய தேதியும் உங்கள் பெயரும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு வைத்து, முன்பக்கமும் முதுகும் தெரியப் படம் கேளுங்கள். பின் கையில் இருக்கிறவருக்கு இரண்டு நிமிஷ வேலை. அதற்கே கோபப்படுகிறவரோடு மாற்றிக்கொள்ள வேண்டாம். முன்பு மாற்றிக்கொண்ட இரண்டு பேரையாவது கேட்டுப் பாருங்கள். இரண்டு பேரும் ஒரே நாளில் அனுப்பி, டிராக்கிங் எண்ணைப் பகிர்ந்துகொள்ளுங்கள். புது ஆள் முதலில் அனுப்புவது சேகரிப்பாளர்களிடையே வழக்கம்தான். உங்களுக்கு மனம் ஒப்பவில்லையென்றால், இருவருக்கும் தெரிந்த மூத்த சேகரிப்பாளர் ஒருவருக்கு இரண்டு பேரும் அனுப்பி, அவர் பார்த்து மாற்றித் தரும்படி கேளுங்கள்.

அனுப்பும்போது ஊசி கவரைக் குத்திக்கொண்டு வெளியே வராமல் அட்டையில் குத்தி, பபுள் ராப் சுற்றி, சின்னப் பெட்டியில் வையுங்கள். வெறும் கவரில் போட்டு வளைந்து வந்த ஊசிகளை நேராக்கித் தரச் சொல்லி என்னிடம் வருகிறார்கள். நேராக்கும்போது பாதி உடைந்துவிடுகிறது. பின்னோடு வந்த அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பிறகு விற்கும்போதும் மாற்றும்போதும் அதற்கும் மதிப்புண்டு. சென்னை மாதிரிக் கடற்கரை ஊரில் இருந்தால் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பெட்டிக்குள் போடுங்கள். ஒட்டிக்கொள்கிற பிளாஸ்டிக் உறை வேண்டாம். புளி, பித்தளை பாலிஷ் எதையும் போட்டுத் தேய்க்கவே கூடாது. முலாம் மெல்லிய படலம்தான். ஒரு தரம் தேய்த்தால் உள்ளே இருக்கிற உலோகம் எட்டிப் பார்க்கும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

தம்பியின் ஐம்பது பின்னையும் அவர் எதிரிலேயே டின் வெட்டும் கத்தரியால் இரண்டாக நறுக்கினோம். இருக்கட்டும், குழந்தைகளுக்குக் கொடுக்கலாமே என்று அவர் முதலில் தயங்கினார். குழந்தை கையிலிருந்து அது மறுபடி பட்டைக்குத்தான் போகும் என்றதும் அவரே கத்தரியை வாங்கிக்கொண்டார். ஆர்லாண்டோவில் இறங்கியதும் பூங்காக் கடையில் ஐந்து சாதாரணப் பின் மட்டும் வாங்குங்கள், அதை வைத்து மாற்றத் தொடங்குங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பின்னின் முதுகு. கோலம் விளிம்புவரை ஓடியிருந்தது, ஊசிக்கு இரண்டு பக்கமும் முளை, ஓரத்தில் பிசிறில்லை. "இது சரிதானே அண்ணா?" என்று கேட்டிருந்தார். சரிதான் என்று எழுதிவிட்டு, முன்பக்கம் என்ன படம் என்று கேட்டேன்.