பிரீமியர் வேறு, வெளியீடு வேறு

ஹாலிவுட் படமான காசாபிளாங்காவைப் பற்றி, ‘1942 நவம்பர் 26 அன்று வெளியானது’ என்று எழுதுகிறார்கள். அடுத்த பத்தியிலேயே ‘1943-ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வென்றது’ என்கிறார்கள். படிப்பவருக்குக் கணக்கு இடிக்கிறது. படத்தை முதன்முதலில் ஓரிடத்தில் திரையிடும் பிரீமியரை ‘வெளியீடு’ என்று மொழிபெயர்த்ததால் வந்த வினை இது.

பிரீமியர் பிரெஞ்சிலிருந்து வந்த சொல். ‘முதலாவது’ என்று பொருள். நாடகத்தை முதன்முதலில் மேடையேற்றுவதைச் சுருக்கி ‘முதலாவது’ என்றே சொல்லிப் பழகினார்கள். ஆங்கிலம் அதை எடுத்துக்கொண்டது, சினிமாவும் வாங்கிக்கொண்டது.

வார்னர் பிரதர்ஸ் அந்தப் படத்தை 1942 மே மாதம் தொடங்கி ஆகஸ்டில் எடுத்து முடித்தது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம்; நவம்பர் 8 அன்று நேச நாட்டுப் படைகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கின. சில நாட்களில் காசாபிளாங்கா நகரமே அவர்கள் கைக்கு வந்தது. படத்தின் பெயரிலேயே அந்த ஊர் இருக்கும்போது படம் எடுத்தவர்கள் சும்மா இருப்பார்களா? சூட்டோடு சூடாக நியூயார்க்கின் ஹாலிவுட் தியேட்டரில் நவம்பர் 26 அன்று திரையிட்டார்கள். அதுதான் பிரீமியர். நாடெங்கும் படம் வந்தது 1943 ஜனவரி 23 அன்று. அதுதான் வெளியீடு. லாஸ் ஏஞ்சலீஸில் படம் ஓடிய ஆண்டையே ஆஸ்கர் கணக்கில் எடுத்ததால், படம் 1943-இன் போட்டியில் சேர்ந்தது. விருது 1944 மார்ச்சில் கிடைத்தது. இரண்டு தேதிக்கும் ஒரே சொல்லைப் போட்டால் இந்தக் கதை முழுக்கக் காணாமல் போய்விடுகிறது.

சரி, வேறு என்ன சொல்வது? ‘அரங்கேற்றம்’ என்று ஒரு கட்சி. அழகான சொல்தான், ஆனால் இங்கே பொருந்தாது. சிலப்பதிகாரத்தில் மாதவி அரசன் முன் ஆடுகிறாள், தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெறுகிறாள். கம்பர் திருவரங்கத்தில் தம் காவியத்தை அரங்கேற்றியதாகச் சொல்வார்கள். இரண்டிலும் அறிந்தவர்கள் சபையில் உட்கார்ந்து ஏற்பதும் மறுப்பதும் உண்டு. பிரீமியரில் அது கிடையாது; படம் முடிந்து பெட்டிக்குள் போயாயிற்று. பார்வையாளர் முகத்தைப் பார்த்து வெட்டி ஒட்டுவதற்காக ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் நடத்திய முன்பார்வைக் காட்சிகளுக்காவது அரங்கேற்றம் ஓரளவு ஒட்டும். அப்புறம், நடனம் கற்ற பிள்ளை முதன்முதலில் மேடையேறுவதற்கு இன்றும் வீட்டுக்கு வீடு புழங்கும் சொல் அது. அதைப் பிடுங்கி சினிமாவுக்குக் கொடுப்பானேன்?

‘முதல் காட்சி’ என்றால் காலைக் காட்சிக்கு டிக்கெட் எடுக்கக் கிளம்பிவிடுவார்கள். ‘முன்னோட்டம்’ டிரெய்லருக்குப் போய்விட்டது. என் தேர்வு ‘முதல் திரையிடல்’. வெளியீட்டுக்கு வெளியீடே போதும். அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘பொது வெளியீடு’ எனலாம்.

அகராதியில் கண்ணில் பட்ட முதல் சொல்லை எடுத்துப் போடும் வழக்கம் மொழிபெயர்ப்பாளர்களிடம் பெருகிவிட்டது. ‘திரைக்கு வந்து சில மாதங்களே ஆன’ என்று தொலைக்காட்சி விளம்பரம் எழுதியவர் எந்த அகராதியையும் புரட்டியிருக்க மாட்டார். ‘திரைக்கு வந்து’ என்பதில் வெளியீடு முழுதாக இருக்கிறது, எல்லோருக்கும் புரிகிறது. தமிழில் சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் அந்த ஆளிடம் பாடம் கேட்கலாம்.