மருந்தடிக்கும் முன் ஓலையைத் திருப்பிப் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வீடுகளில் பின்கட்டைத் தாண்டினால் பெரும்பாலும் ஒரு தென்னையாவது நிற்கும். அதன் கீழே உள்ள வாழையிலையும் கொய்யா இலையும் கறுத்துக் கிடந்தால், கோளாறு பெரும்பாலும் அந்த இலைகளில் இல்லை. மேலே, தென்னோலையின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. அங்கே சுருள் வெள்ளை ஈ கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சுகிறது. அது சிந்தும் பிசுபிசுப்பான இனிப்புக் கழிவு விழுந்த இடமெல்லாம் கரும்பூசணம் படர்ந்துவிடும்.

இந்த ஈ நம் ஊர்ப் பூச்சி இல்லை. பூர்வீகம் மத்திய அமெரிக்கா. தமிழ்நாட்டில் 2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில் தலைகாட்டியது. அங்கிருந்து தென்னை இருக்கும் மாவட்டங்களுக்கெல்லாம் பரவியது.

நல்ல சேதி என்னவென்றால், இதன் எதிரியும் இங்கேயே இருக்கிறது. என்கார்சியா குவாடலூப்பே என்ற குளவி. நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, நம்மைக் கொட்டவும் கொட்டாது. வெள்ளை ஈயின் குஞ்சைத் தேடிப்பிடித்து அதன் உடம்புக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு, குஞ்சை உள்ளிருந்தே தின்று வளர்ந்து, அதே தோலுக்குள் கூட்டுப்புழுவாகி, பிறகு குளவியாக வெளியே வரும். ஒரு குளவி பிறந்தால் ஒரு வெள்ளை ஈ குறைந்தது என்று அர்த்தம்.

இதை யாரும் திட்டமிட்டு இறக்குமதி செய்யவில்லை. 1990-களில் மரவள்ளியில் வேறொரு சுருள் வெள்ளை ஈ கேரளம் வழியாக நாட்டுக்குள் வந்தது. அதன் பின்னாலேயே இந்தக் குளவியும் வந்து சேர்ந்தது. இத்தனை சிறிய உயிர் கடல் தாண்டுவது எப்படி? வெள்ளை ஈயின் குஞ்சு முதல் பருவத்தில் கொஞ்சம் ஊர்ந்து திரியும். அப்புறம் இலையில் ஒட்டினால் நகராது. அப்படி ஒட்டிய குஞ்சுக்குள் குளவியின் புழு இருந்தால், ஒரு செடியோடு இரண்டும் சேர்ந்தே பயணம் போகும். 2016-ல் புதிய ஈ வந்தபோது குளவி இங்கே தயாராக இருந்தது. புதிய ஈயின் குஞ்சுகளிலும் முட்டையிடத் தொடங்கிவிட்டது.

ஆனாலும் பூச்சி முன்னே, குளவி பின்னே என்பதுதான் எங்கும் வரிசை. முட்டையிட ஈயின் குஞ்சு வேண்டும். குஞ்சு பெருகிய பிறகே குளவி பெருகும். விவசாயிகள் பதறுவது அந்த இடைவெளியில்தான். அப்போது கடும் பூச்சிக்கொல்லி அடித்தால் குளவி முதலில் சாகும், மிஞ்சிய ஈ எதிரியே இல்லாமல் பெருகும். இடைவெளி இன்னும் நீளும். இந்த ஈக்கு மருந்தடிப்பதை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

எல்லாப் பூச்சிக்கும் இப்படி எதிரி தானாக வந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 2008-ல் கோவையில் தெரியவந்த பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் வாட்டியது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளைப் பெங்களூருக்கு வரவழைத்து, பெருக்கி, தோட்டங்களில் விட்டார்கள். அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே மிக நன்றாக வேலை செய்தது.

சரி, உங்கள் தென்னையில் குளவி இருக்கிறதா? கீழ் அடுக்கு ஓலையில் ஓர் இலக்கை, அதாவது ஈர்க்குள்ள ஒரு சிற்றிலையை வெட்டி, அடிப்பக்கத்தைக் கைலென்ஸால் பாருங்கள். காலியான தோல்கள் ஒட்டியிருக்கும். வெள்ளை ஈ வெளியேறிய தோல் ஆங்கில எழுத்து 'T' வடிவில் கிழிந்திருக்கும். குளவி வெளியேறிய தோலில் துளையிட்டதுபோல் வட்டமான ஓட்டை இருக்கும். வட்ட ஓட்டை நிறையத் தெரிந்தால் மருந்தை மறந்துவிடலாம். ஈ பறப்பது அதிகமாக இருந்தால், விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறியைக் கட்டுங்கள். ஓலையின் அடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். கரும்பூசணத்துக்கு மைதாக் கஞ்சியைத் தெளித்தால், காய்ந்ததும் ஏடாக உரிந்துவிடும்.

வட்ட ஓட்டை உள்ள ஓலையை வெட்டினால் உடனே எரித்துவிடாதீர்கள். இன்னும் வெளிவராத குளவிகள் அதில் இருக்கும். இலக்குகளைத் துண்டாக்கி, குளவி இல்லாத மரத்தின் ஓலையில் செருகிவிடுங்கள்.