பத்து மணிக்குத் தானாகச் சரியாகும் அலாரம்

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியின் பேக்கிங் பிரிவு. பவுச் மெஷினில் ஃபிலிமை இழுக்கும் சர்வோ மோட்டாரின் டிரைவ் (மோட்டாரை ஓட்டும் எலக்ட்ரானிக் பெட்டி), காலையில் சுவிட்ச் போட்டதும் எர்த் ஃபால்ட், அதாவது கரண்ட் எர்த்துக்குக் கசிகிறது என்று அலாரம் காட்டி நின்றுவிடும். ஆபரேட்டர் தம்பி ஐந்தாறு முறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவார். "பத்து மணிக்கு மேல அதுவே சரியாயிடுதுண்ணா" என்றார் போனில். பாதி விடை அதிலேயே இருந்தது, எனக்குத்தான் உறைக்கவில்லை. மதியம் போனேன். மெஷின் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் ஆறரை மணிக்கே போய் நின்றேன். எதிரே இருக்கும் ஷெட் தெரியாத அளவுக்கு மூடுபனி. மெயினை இறக்கி, கால் மணி நேரம் காத்திருந்து, டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் யு, வி, டபிள்யூ வயர்களைக் கழற்றி, 500 வோல்ட் மெக்கரை (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) வைத்தேன். 0.3 மெகாஓம், ரொம்பக் குறைவு. மோட்டார் பக்கத்துக் கனெக்டரைத் திறந்தால், பின்களுக்கு நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர், தேயிலைத் தூள் கலந்து டிகாக்‌ஷன் நிறத்தில். மேலே டிரேயிலிருந்து கேபிள் நேராகக் கனெக்டருக்குள் இறங்கியிருந்தது. ராத்திரி கேபிள்மேல் படிகிற ஈரம் வழிந்து உள்ளே போக அதைவிட வசதியான பாதை கிடையாது. பத்து மணிக்குள் அது காய்ந்துவிடும், அலாரமும் போய்விடும். உலர்த்தி, கேஸ்கெட்டை மாற்றி, கேபிளைக் கனெக்டருக்கும் கீழே வளையமாகத் தொங்கவிட்டுக் கட்டினேன். தண்ணீர் அங்கேயே சொட்டிப் போகட்டும். மறுபடி மெக்கர் வைத்தபோது 60 மெகாஓம்.

மெக்கர் என்றதும் ஒன்று. வயர் டிரைவில் மாட்டியிருக்கும்போது மெக்கர் போட்டால் டிரைவ் போய்விடும். மோட்டார் எவ்வளவு சுற்றியது என்று டிரைவுக்குச் சொல்லும் என்கோடரின் கேபிள் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது. 415 வோல்ட் டிரைவுக்குள், ஏசியை டிசியாக மாற்றி வைத்திருக்கும் டிசி பஸ்ஸில் கிட்டத்தட்ட 590 வோல்ட். மெயினை இறக்கிய பிறகும் கெபாசிட்டர்களில் அது கொஞ்ச நேரம் நிற்கும். சார்ஜ் விளக்கு அணைந்துவிட்டது என்று கையை விடாமல், மீட்டர் வைத்துப் பாருங்கள்.

அலாரம் நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மேனுவலில் பார்த்துக்கொள்ளலாம். என்னைக் கூப்பிடுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, அது எப்போது வந்தது என்பதை. சர்வோ ஆன் கொடுத்த நொடியே ஓவர் கரண்ட் என்றால், மெயினை இறக்கி யு, வி, டபிள்யூவைக் கழற்றிவிட்டு மறுபடி ஆன் கொடுத்துப் பார்க்கிறேன். மோட்டார் எதையாவது மேலும் கீழும் நகர்த்தும் செங்குத்து ஆக்சிஸ் என்றால் அதற்கு முன் கீழே முட்டுக் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இறங்கிவிடும். அப்போதும் அதே அலாரம் என்றால் டிரைவ்தான். வரவில்லை என்றால் கேபிள் அல்லது மோட்டார். வேகம் குறையும்போது மட்டும் ஓவர் வோல்டேஜ் என்றால், ரீஜெனரேஷன் ரெசிஸ்டரைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். மோட்டார் வேகம் குறைந்து நிற்கும்போது திருப்பி அனுப்புகிற சக்தியை எரித்துத் தீர்ப்பது அதன் வேலை. வயர் அறுந்திருக்கும், சில நேரம் ஸ்க்ரூ லூஸ், அவ்வளவுதான். ஜெனரேட்டரில் ஓடும்போது மட்டும் வந்தால் டிரைவைத் தொடவே வேண்டாம், ஜெனரேட்டர்காரரைக் கூப்பிடுங்கள்.

ஓடி அரை மணி நேரம் கழித்து ஓவர் ஹீட் அலாரம் வருவதைத்தான் இங்கே யாரும் நம்ப மாட்டார்கள். "ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நிக்கிறோம், டிரைவ் எப்படிங்க சூடாகும்?" சரியான கேள்விதான். பெரும்பாலான டிரைவ்களின் முழுத் திறன் 1000 மீட்டர் உயரம் வரைக்கும்தான். அதற்கு மேல் 100 மீட்டருக்குச் சுமார் ஒரு சதவீதம் குறைத்துக்கொள்ளச் சொல்லும் மேனுவல்கள் நிறைய. குன்னூர் சுமார் 1850 மீட்டர், ஊட்டி 2240. காற்று மெலிவதால், ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிக்கொண்டு போகிற சூடு குறைவு. கோவையில் சுமார் 400 மீட்டரில் ஓட்டிப் பார்த்து அனுப்பிய மெஷின், இங்கே வந்து முக்குவது இதனால்தான். கூடவே ஹீட்சிங்க் (டிரைவின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) இடுக்கில் அப்பியிருக்கும் தேயிலைப் பஞ்சு. மாதம் ஒரு முறை வேக்குவம் போடுங்கள். கம்ப்ரஸர் காற்றால் ஊதினால் பஞ்சு போர்டுக்குள் போகும், அந்தக் காற்றிலும் ஈரம் இருக்கும்.

ரீசெட் அடிப்பதைப் பற்றிச் சொல்ல எனக்கு யோக்கியதை குறைவுதான். ஆரம்ப காலத்தில், ஓவர் கரண்டில் நின்ற ஒரு டிரைவை நானே ஏழெட்டு முறை ரீசெட் அடித்தேன். கடைசி முறை உள்ளே 'டப்' என்று சத்தம், அப்புறம் கருகல் வாடை. கேபிளில் இருந்த ஷார்ட்டை டிரைவ் ஒவ்வொரு முறையும் கண்டுபிடித்து நின்றிருக்கிறது. நான்தான் அதை மறுபடி மறுபடி அதன்மேல் ஓட விட்டிருக்கிறேன். மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் மாட்யூல் போய்விட்டது. கீழேயிருந்து புதுசு வரும்வரை ஐந்து நாள் லைன் நின்றது, முதலாளியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கோத்தகிரியில், ராத்திரி ஈரம் படியாமலிருக்க, டிரைவ் இருக்கும் பேனலுக்குள் ஒரு சின்ன ஹீட்டர் வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். வைத்தார்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் பேனல் கதவின் உட்புறம் வியர்த்திருந்தது. ஹீட்டருக்கு மெயின் சுவிட்சுக்கு அப்புறமாக லைன் எடுத்திருந்தார்கள். ராத்திரி மெயினை இறக்கினால் ஹீட்டரும் அணைந்துவிடும். பகலெல்லாம் சூடான பேனலை இன்னும் சூடாக்கிக்கொண்டிருந்தது. தனி எம்.சி.பி. (பிரேக்கர் சுவிட்ச்) போட்டு மெயினுக்கு முன்னாலிருந்து லைன் மாற்றி, அதன்மேல் 'மெயின் ஆஃப் ஆனாலும் இதில் கரண்ட் இருக்கும்' என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வந்தேன்.