டோக்கன் விற்பனைக்கு வந்த பணம் எங்கே வற்றியது?

2017-இல் ஒரு கிரிப்டோ டோக்கனை வெளியிடப் பெரிய வித்தை எதுவும் தேவைப்படவில்லை. எத்தீரியம் என்ற பிளாக்செயினில், அதாவது பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் பொதுக் கணக்கேட்டில், ஒரு சின்ன நிரலை எழுதி ஏற்றினால் போதும். வாங்குகிறவர் அதன் முகவரிக்கு எத்தீரியத்தின் நாணயமான ஈத்தரை அனுப்புவார். நிரல் தன் கணக்கில் அவர் முகவரிக்கு நேராக 'இத்தனை டோக்கன்' என்று பதிந்துகொள்ளும். டோக்கன் என்பது அவ்வளவுதான், கணக்கில் ஒரு வரி.

எத்தீரியமே 2014-இல் தன் ஈத்தரை முன்கூட்டி விற்று சுமார் 1.8 கோடி டாலர் திரட்டித் தொடங்கியதுதான். 2017 ஜூனில் தொடங்கி ஓராண்டு விற்ற இ.ஓ.எஸ். என்ற டோக்கன் திட்டம் 400 கோடி டாலருக்கு மேல் அள்ளியது. இத்தனைக்கும் அதன் விற்பனை ஒப்பந்தத்திலேயே, இந்த டோக்கனுக்கு எந்த உரிமையும் பயனும் கிடையாது என்று எழுதி வைத்திருந்தார்கள்! பங்கு வாங்கினால் கம்பெனி லாபத்தில் பாத்தியதை உண்டு, கடன் பத்திரம் வாங்கினால் வட்டி உண்டு. இதில் இரண்டும் இல்லை. அடுத்து ஒருவர் கூடுதல் விலைக்குக் கேட்டால்தான் லாபம்.

கொங்குப் பக்கம் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லைங்க. பெருந்துறை வட்டாரத்தில் 2012-இல் கவிழ்ந்த ஈமு திட்டங்கள் இதே அமைப்புதான். குஞ்சு வளர்த்தால் மாதாமாதம் பணம், பறவையைக் கம்பெனியே திரும்ப எடுத்துக்கொள்ளும் என்றார்கள். ஈமு கறிக்கும் எண்ணெய்க்கும் இங்கே சொல்லும்படியான சந்தை இல்லை. புது முதலீட்டாளர் வரும்வரைதான் பறவைக்கு விலை. ஈமுவுக்காவது தீனி போட வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் இதற்கு 1946-லேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது. புளோரிடாவில் ஹோவி என்ற கம்பெனி ஆரஞ்சுத் தோப்பைத் துண்டு போட்டு விற்று, பராமரிப்பையும் தானே பார்த்தது. பிறர் உழைப்பில் லாபம் வரும் என்று நம்பிப் பொதுத் தொழிலில் பணம் போட்டால் அது முதலீட்டுப் பத்திரம், பங்குச் சட்டத்துக்குள் வரும் என்றது உச்ச நீதிமன்றம். 2017 ஜூலையில் அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையம் இதே அளவுகோலை டோக்கனுக்கும் வைத்தது. செப்டம்பரில் சீனா டோக்கன் விற்பனையையே தடை செய்தது. 2018-இல் ஃபேஸ்புக்கும் கூகுளும் இந்த விளம்பரங்களை நிறுத்தின. டெலிகிராம் 170 கோடி டாலர் திரட்டியும் வழக்கில் மாட்டி, 2020-இல் 120 கோடிக்கு மேல் திருப்பித் தர ஒப்புக்கொண்டது.

பணம் வற்றியதற்குச் சட்டத்தை மட்டும் காரணம் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. விற்பனையின் இயக்கத்திலேயே ஒரு சுழல் இருந்தது. டோக்கன் வாங்க ஈத்தர் வேண்டும், அதனால் ஈத்தருக்குக் கிராக்கி. கிராக்கியால் விலை ஏறியது. முன்பே ஈத்தர் வைத்திருந்தவர்கள் திடீர்ப் பணக்காரர்கள் ஆனார்கள், அந்த லாபத்தை அடுத்த டோக்கனில் போட்டார்கள். வெளியிலிருந்து புதுப் பணமும் வந்ததுதான், ஆனால் வசூலில் கணிசமான பங்கு இப்படி உள்ளேயே சுற்றியது.

சுழல் அப்புறம் திரும்பியது. டோக்கன் விற்ற திட்டக்காரர்கள் கையில் இருந்ததும் ஈத்தர்தானே? சம்பளம், வாடகை எல்லாம் டாலரில். ஈத்தரை விற்றார்கள், விலை சரிந்தது. சரிந்ததால் அதே சம்பளத்துக்கு இன்னும் கூடுதலாக விற்க வேண்டி வந்தது. 2018 ஜனவரியில் 1,400 டாலரைத் தொட்ட ஈத்தர் டிசம்பரில் 100 டாலருக்கும் கீழே போனது. அடுத்த டோக்கனை வாங்க யாரிடமும் லாபம் மிச்சமில்லை.

வாங்கியவர்களும் ஒன்றைக் கவனித்துவிட்டார்கள். பெரிய முதலீட்டு நிறுவனங்களுக்கு முன்கூட்டியே தள்ளுபடி விலையில் டோக்கன் போய்விடும். சந்தையில் பட்டியலான அன்றே அவர்கள் விற்க, கடைசியில் வந்தவர் தலையில் நட்டம். 2020-இல் யூனிஸ்வாப் என்ற டோக்கன் மாற்றும் தளம், தன்னைப் பயன்படுத்திய ஒவ்வொரு முகவரிக்கும் குறைந்தது 400 டோக்கன் இலவசமாகவே கொடுத்தது. இலவசமாகக் கிடைக்கலாம் என்ற நப்பாசை வந்த பிறகு விலை கொடுத்து முந்திக்கொள்ளும் அவசரம் தணிந்தது.

இந்தியாவில் வரியும் சேர்ந்துகொண்டது. 2022-இலிருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம் வரி, விற்கும்போது 1 சதவீதம் பிடித்தம். ஒரு டோக்கனில் போன நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. பத்து டோக்கனில் போட்டு ஒன்பது போனாலும் ஒன்று தூக்கிவிடும் என்ற கோவை, திருப்பூர் இளைஞர்களின் கணக்கு இந்த விதியில் அடிபட்டுப்போகிறது.