விக்குக்கு எண்ணெய் வைக்காதீர்கள்

போன மாதம் ஓர் அம்மா, மகளின் விக்கைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, விக் செய்யும் எங்களிடம் எடுத்து வந்தார். மகளுக்குக் கீமோ சிகிச்சை நடக்கிறது. விக் வாங்கி 5 வாரம்தான் ஆகியிருந்தது. பிரித்துப் பார்த்தால் பின்கழுத்துப் பகுதி முழுவதும் சடைபிடித்துக் கிடந்தது, அடிவலை பிசுபிசுத்தது. “வாரம் தவறாமல் எண்ணெய் தடவி, சீயக்காய் போட்டு அலசினேனே” என்றார். மகளுக்கு வேறென்ன செய்வது என்று தவித்த தாய் செய்த வேலை அது. அவரை எப்படிக் குறை சொல்வது? விற்பவர்கள் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

விக் அசல் முடியால் செய்தது என்றதும் தலைமுடிக்குச் செய்வதையெல்லாம் விக்குக்கும் செய்யத் தோன்றுகிறது. கேடு அங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு முடியையும் கொக்கி ஊசியால் வலையில் முடிச்சிட்டு விக் செய்கிறோம். எண்ணெய் அந்த முடிச்சுகளில் இறங்கினால் அவை நழுவி முடி உதிரும். தூசு ஒட்டும், பழைய எண்ணெய் வாடை வரும். அதைப் போக்கக் கடுமையான ஷாம்புவைப் போட்டுத் தேய்ப்பீர்கள், முடி வறண்டுபோகும். தலையில் ஒரு முடி போனால் இன்னொன்று முளைக்கும். விக்கில் போனது போனதுதான். சீயக்காயும் வேண்டாம். அதன் தூள் வலைக்கண்களில் அடைத்துக்கொண்டால் எத்தனை முறை அலசினாலும் முழுதாக வராது.

சிக்கு ஏன் விழுகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முடியின் மேல் ஓட்டுக்கூரைபோல நுண்ணிய செதில்கள் வேரிலிருந்து நுனி நோக்கி அடுக்கியிருக்கின்றன. கோயிலில் மொட்டையடிக்கும் பெண்களின் முடியைக் கொத்தாகக் கட்டி எடுக்கும்போது வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கமாகவே இருக்கும். தெருவில் பாத்திரம் கொடுத்து வாங்கிப்போகும் சீப்பு முடியில் எல்லாம் தலைகீழாகக் கலந்திருக்கும். செதில்கள் ஒன்றோடொன்று மாட்டாமலிருக்க அவற்றை அமிலத்தில் கரைத்து, மேலே சிலிகான் பூசி விற்பதுண்டு. வாங்கிய அன்று பட்டுப்போல இருக்கும். சில முறை அலசியதும் பூச்சு போய்விடும். வேர், நுனி மாறாத முடிதானா என்று கேட்டு வாங்குங்கள். நல்ல முடியும் பின்கழுத்தில் சட்டைக் காலரிலும் முந்தானையிலும் உரசி, வியர்வையும் சேர்ந்தால் சிக்காகும். அந்த இடத்தைத் தினமும் கழற்றியவுடன் வாரிவிடுங்கள்.

அலசுவதைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன். தினமும் அணிபவர்களுக்கு வெயில் காலத்தில் வாரம் ஒரு முறை, மற்ற நாள்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். முதலில் உலர்ந்த நிலையிலேயே அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுங்கள். சல்பேட் இல்லாத ஷாம்புவை ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து, மேலிருந்து கீழாக மட்டும் கையால் நீவுங்கள். கசக்காதீர்கள், பக்கெட்டில் போட்டு முக்கியெடுக்காதீர்கள். கண்டிஷனர் நடுமுடியிலிருந்து நுனிவரை மட்டும். முடிச்சின் பக்கம் போகவே கூடாது. உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் கடைசி அலசலுக்காவது கேன் தண்ணீர் வையுங்கள். பிறகு துண்டில் ஒற்றி, விக் ஸ்டாண்டில் நிழலில் காயவிடுங்கள். ஈரத்தோடு சீவினால் முடி இழுபட்டு அறும்.

வறட்சி தெரிந்தால் நுனியில் மட்டும் இரண்டு சொட்டு சீரம் தடவலாம். முடியை நேராக்கும் இஸ்திரிக் கருவியின் சூடு 150 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. படுக்கும்போது கழற்றிவிடுங்கள்.

அந்த அம்மா கொண்டுவந்த விக்கின் பின்பகுதியில் நாலு விரற்கடை வெட்ட வேண்டியதாயிற்று. மீதியை மீட்டுவிட்டோம்.

சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. தலைத்தோல் அப்போது மிக மென்மையாக இருக்கும். பசையும் டேப்பும் வேண்டாம், உள்ளே மெல்லிய பருத்தித் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். சிகிச்சை முடிந்து சொந்த முடி அரும்பும்போது விக்கிலுள்ள கிளிப்புகள் அந்த இளம் முடியைப் பிடித்து இழுக்கும். அப்போது கிளிப்புகளைப் பிரித்துவிட்டு எலாஸ்டிக் பட்டை தைக்கச் சொல்லுங்கள். விக் செய்பவருக்கு அது அரை மணி நேர வேலை.