வெயிலில் காணாமல் போகும் எழுத்து

மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி பக்கம் மண்டிகளில் பெங்களூரா ரக லோடு இறங்கிக்கொண்டிருக்கும்போது பில்லிங் சாஃப்ட்வேர் ஏதோ ஒரு பிழை காட்டி நின்றுவிடும். கணக்கு பார்ப்பவர் போனில் அதன் உதவிப் பக்கத்தைத் திறப்பார். ஒரு கையால் ஸ்கிரீனுக்கு நிழல் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படிப்பார். பக்கத்தை வடிவமைத்தவர் ஓசூரிலோ பெங்களூரிலோ ஏசி அறையில் இருந்திருப்பார். அவருக்கு அந்த இளஞ்சாம்பல் எழுத்து அழகாகத்தான் தெரிந்திருக்கும்.

எழுத்து தெளிவாகத் தெரிவது நிறத்தைவிட வெளிச்ச வித்தியாசத்தையே சார்ந்தது. டபிள்யூசிஏஜி என்ற சர்வதேச இணைய வழிகாட்டி இதை எண்ணாகவே கணக்கிடுகிறது. வெள்ளையின் ஒளிர்வு 1, கறுப்பின் ஒளிர்வு 0. இரண்டோடும் 0.05 கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுக்க வேண்டும். 1.05 ஐ 0.05 ஆல் வகுத்தால் 21. அதற்கு மேல் விகிதம் கிடையாது. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும், பெரிய தலைப்புக்கு 3 போதும். #777777 என்ற நிறக்குறியீடு கொண்ட சாம்பல் வெள்ளைப் பின்னணியில் 4.48 வாங்கித் தோற்கும். அதைவிடத் துளி கருமையான #767676 4.54 வாங்கிப் பாஸாகிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். என்ன செய்வது, கோட்டை எங்காவது கிழித்தாக வேண்டுமே!

அந்த 0.05 சும்மா வந்ததல்ல. ஸ்கிரீனில் பட்டுத் தெறிக்கும் அறை வெளிச்சத்துக்கான ஒதுக்கீடு அது. வெயிலில் இது எங்கே போதும்? ஸ்கிரீனின் வெள்ளை 500 பங்கு ஒளி தருகிறது, மேலே விழுந்து தெறிக்கும் வெயில் இன்னொரு 500 பங்கு என்று வைத்துக்கொள்வோம். தெறிப்பு வெள்ளை, கறுப்பு என்று பார்க்காது. கறுப்பு 500, வெள்ளை 1000. அறைக்குள் 21 ஆக இருந்த விகிதம் 2 ஆகிவிட்டது. #999999 சாம்பல் அறைக்குள்ளேயே 2.85 தான், இங்கே 1.5. கறுப்பையாவது தட்டுத்தடுமாறிப் படிக்கலாம், சாம்பல் போயே போச்சு.

நிறங்களுக்கும் இதே கணக்குதான். ஒளிர்வில் பச்சையின் பங்கு ஏறக்குறைய 72 சதவீதம், சிவப்பு 21, நீலம் 7. ஸ்கிரீனில் மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது, அதனால் கிட்டத்தட்ட வெள்ளை அளவுக்கே பிரகாசம். வெள்ளையில் சுத்த மஞ்சள் எழுத்தின் விகிதம் வெறும் 1.07. மாங்கூழ் ஆலைக்கான சாஃப்ட்வேர் என்றதும் மாம்பழ மஞ்சளில் தலைப்பு போடத் துடிப்பவர்கள் கவனிக்க. சுத்த நீலம் 8.59 வாங்குகிறது, இணைப்புகளுக்கு அது தாராளம். அப்புறம், தவறு என்றால் சிவப்பு, சரி என்றால் பச்சை என்று நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. சிவப்பு-பச்சை பேதம் தெரியாதவர்கள் நம்மிடையே உண்டு, அதுவும் ஆண்களில் அதிகம். பக்கத்திலேயே ‘தவறு’ என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

எழுத்துருவுக்கு வருவோம். ஆங்கிலப் பக்கத்தின் அளவுகளை அப்படியே தமிழுக்குப் போட்டால் வரிகள் முட்டிக்கொள்ளும். ‘கீ’யின் சுழி மேலே ஏறுகிறது, ‘கூ’வின் வால் கீழே இறங்குகிறது. வரி உயரத்தை எழுத்தளவைப் போல 1.7 மடங்கு வைப்பது என் வழக்கம். இன்னும் பெரிய தலைவலி ‘பார்க்க’ போன்ற சொற்கள். துணைக்காலும் ‘ர்’ எழுத்தும் அடுத்தடுத்து நிற்கின்றன. பல ஃபான்ட்களில் புள்ளியை எடுத்துவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் காலடியில் இருக்கும் ஒரு சின்னச் சாய்கோடுதான். எழுத்து சிறுத்தால் முதலில் மறைவதும் அதுவே.

தடித்த வடிவம் இல்லாத ஃபான்ட்டை எடுத்தால் பிரவுசர் தானாகவே எழுத்தைப் பருக்க வைக்கும். ‘ண’வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் போன்றவற்றில் தடித்த வடிவங்களைத் தனியாகவே வரைந்து வைத்திருக்கிறார்கள். பட்டன் பெயர்களைத் தடித்த எழுத்தில் போடுங்கள், சாய்வெழுத்து வேண்டாம். கட்டளைகளுக்கு மட்டும், சுழியத்துக்குள் கோடோ புள்ளியோ போட்ட சம அகல ஃபான்ட் நல்லது. இல்லையென்றால் அதை ஆங்கில ‘ஓ’ என்று நினைத்துத் தட்டிவிட்டு, சாஃப்ட்வேர் சரியில்லை என்பார்கள்.

கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து காட்டும் டார்க் மோட் இரவுக்குச் சுகம். ஆனால் இருண்ட ஸ்கிரீனைப் பார்க்கும்போது கண்மணி விரியும். சிதறல் பார்வை (அஸ்டிக்மாடிசம்) உள்ளவர்களுக்கு வெள்ளை எழுத்தின் ஓரம் கலங்கும். வெயிலிலோ கறுப்புப் பின்னணி படிப்பவரின் முகத்தைத்தான் காட்டும். எனவே அதைக் கட்டாயமாக்காமல், போனின் அமைப்பைப் பார்த்துப் பக்கம் தானாக மாறும்படி விட்டுவிடுங்கள்.